காய்ச்சல் வந்து எத்தனை நாள்? ரத்தக்கசிவுக் காய்ச்சல்கள் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: எபோலா, மார்பர்க் மாதிரியான ரத்தக்கசிவுக் காய்ச்சல்களை டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மருந்தே கிடையாது என்கிறார்களே, அப்படியானால் ஆஸ்பத்திரியில் சேர்த்து என்னதான் செய்வார்கள்? இவ்வளவு ஆபத்தான கிருமியை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி எப்படி நடக்கிறது?

மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம். மூன்றுமே கடைசியில் ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கின்றன: நோயாளிக்குக் காய்ச்சல் தொடங்கி இது எத்தனையாவது நாள்? எந்த டெஸ்ட் பலன் தரும், எந்த மருந்து வேலை செய்யும், ஓர் ஆய்வின் முடிவை நம்பலாமா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது.

டெங்கு வந்த வீட்டுக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. முதல் நாலைந்து நாளுக்குள் போனால், வைரஸின் புரதத்தையே தேடும் என்எஸ்1 டெஸ்ட் எழுதிக் கொடுப்பார்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் ஐஜிஎம், அதாவது கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் ஆன்டிபாடி என்ற புரதம், பார்க்கச் சொல்வார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடும்போதுதான் டாக்டர் உஷாராவார், ஏனென்றால் டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ஆளைச் சாய்ப்பது காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான். டெங்குவும் இந்தப் பட்டியலில் உள்ள நோய்தான். எபோலாவும் மார்பர்க்கும் ஒரு குடும்பம். மேற்கு ஆப்பிரிக்காவின் லாசாவும் அர்ஜென்டினாவின் ஜூனினும் இன்னொன்று. கிரைமியன்-காங்கோ காய்ச்சல் வேறு. டெங்கு, மஞ்சள் காய்ச்சல், கர்நாடகத்துக் குரங்குக் காய்ச்சல் மற்றொன்று. வெளவால், எலி, உண்ணி, கொசு என்று ஒவ்வொன்றும் வரும் வழியும் வேறு. பொதுவாக இருப்பது ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்குவதும் ரத்தம் உறையும் ஒழுங்கு கெடுவதும்தான்.

பெயரைக் கேட்டதும் கண்ணிலும் மூக்கிலும் ரத்தம் வழியும் காட்சிதான் பலருக்கும் மனதில் வரும். 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது உலக சுகாதார நிறுவனத்தின் குழு எடுத்த கணக்கில், காரணம் தெரியாத ரத்தக்கசிவு இருந்தது 18 சதவீதம் பேருக்குத்தான். காய்ச்சல் 87 சதவீதம் பேருக்கு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு. ரத்தம் வரட்டும், அப்புறம் சந்தேகப்படலாம் என்று காத்திருக்கும் டாக்டர் ஐந்தில் நான்கு நோயாளிகளைக் கோட்டை விடுவார். ரத்தம் தெரியும்போது நாளும் கடந்திருக்கும்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எபோலா வைரஸ் முதலில் பிடிப்பது மேக்ரோபேஜ் என்ற காவல் அணுக்களை. அவை வைரஸைச் சுமந்தபடி நிணநீர் முடிச்சு, மண்ணீரல், கல்லீரல் என்று போகின்றன. போகிற இடமெல்லாம் அழற்சியைக் கிளப்பும் சுரப்புகளைக் கொட்டுகின்றன. ரத்தத்தை உறைய வைக்கும் ஒரு புரதத்தையும் வெளியே தள்ளுகின்றன. கண்ட இடத்திலும் சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் உண்டாகி, உறைவதற்கான சரக்கு தீர்ந்துபோகிறது. அதைத் திரும்பத் தயாரித்துத் தர வேண்டிய கல்லீரலும் அடிபட்டுக் கிடக்கிறது. ஊசி குத்திய துளையிலிருந்து ரத்தம் நிற்காமல் வடிவது அப்படித்தான். ஆனால் பெரும்பாலோரைக் கொல்வது நீரிழப்பும் ரத்த அழுத்தம் சரிந்துபோகும் அதிர்ச்சி நிலையும் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பதும்தான்.

கண்டுபிடிப்பதற்கு வருவோம். முதல் கருவி கேள்விதான்: எங்கே போய் வந்தீர்கள், யாரைத் தொட்டீர்கள், யாருடைய சாவுக்குப் போனீர்கள்? ஆப்பிரிக்கக் கிராமத்தில் காய்ச்சல், தலைவலி, வாந்தியோடு வருபவருக்கு மலேரியாவோ டைஃபாய்டோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மலேரியா டெஸ்ட் பாசிட்டிவ் என்பதால் எபோலா இல்லை என்றும் ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்து வந்தவர்கள் நிறையப் பேர். 2014 செப்டம்பரில் லைபீரியாவிலிருந்து அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்கு வந்த ஒருவர் காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்குப் போனார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பதை நர்ஸ் குறித்தும் வைத்தார். ஆனால் ஆன்டிபயாடிக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து ஆம்புலன்ஸில் திரும்ப வந்தார். அக்டோபர் 8 அன்று இறந்தார். அவரைக் கவனித்த இரண்டு நர்ஸ்களுக்கும் தொற்றியது, அவர்கள் பிழைத்தார்கள். பணமும் வசதியும் குறைவில்லாத ஓர் இடத்தில் பயண விவரம் காகிதத்தில் மட்டும் இருந்ததால் நடந்தது இது.

நம் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2011 ஜனவரியில் குஜராத்தின் சானந்த் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் அகமதாபாத்தில் சிகிச்சையில் இறந்தார். அவரைக் கவனித்த டாக்டரும் நர்ஸும் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் ரத்த மாதிரிகள் புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போய், அது கிரைமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று உறுதியானது. இந்தியாவில் மனிதர்களிடம் அந்த நோய் உறுதி செய்யப்பட்டது அதுதான் முதல் தடவை. மருத்துவமனை ஊழியர்கள் வரிசையாக விழுவதைப் பார்த்தே கண்டுபிடிப்பது இந்த நோய்களின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் கதை. 1976-ல் காங்கோவின் யம்புகு மிஷன் ஆஸ்பத்திரியில், எபோலா முதன்முதலாகத் தெரியவந்தபோது, 17 ஊழியர்களில் 11 பேர் இறந்துபோனார்கள். அங்கே தினமும் காலையில் ஐந்து ஊசிகளை எடுத்துக் கொடுப்பார்களாம். அன்றைக்கு வரும் அத்தனை பேருக்கும் அவைதான், கர்ப்பிணிகள் உட்பட. அந்தப் பரவலில் 318 பேருக்கு நோய். 280 பேர் இறந்தார்கள்.

அங்கிருந்து ஒரு பெல்ஜியக் கன்னியாஸ்திரியின் ரத்தம் ஆன்ட்வெர்ப் ஆய்வகத்துக்கு எப்படி வந்தது தெரியுமா? சாதாரண பிளாஸ்கில், ஐஸ் போட்டு, விமானப் பயணி ஒருவரின் கைப்பையில். இரண்டு குப்பிகளில் ஒன்று உடைந்து, உருகிய ஐஸ் தண்ணீரில் ரத்தம் கலந்திருந்தது. அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சியாளர் பீட்டர் பியோவும் கூட இருந்தவர்களும் வெறும் ரப்பர் கையுறையோடு அதைத் திறந்தார்கள். மஞ்சள் காய்ச்சலாக இருக்கும் என்றுதான் அவர்கள் எண்ணம். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் புழு மாதிரி நீண்டு நெளிந்த உருவம் தெரிந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

இப்போது ரத்தம் எடுத்த டியூபை உறிஞ்சு துணியால் சுற்றி, கசியாத டப்பாவுக்குள் போட்டு, அதை இன்னொரு கெட்டியான பெட்டிக்குள் வைத்து, மூன்று அடுக்காக அனுப்புகிறார்கள். ஆய்வகத்தில் கையுறைகள் பொருத்திய மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, முதலில் வைரஸைக் கொல்லும் ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். கிருமி செத்த பிறகு அதன் மரபணுத் துண்டைத் தேடுவதுதான் பிசிஆர். ஜீன்எக்ஸ்பர்ட் என்று, நம் ஊரில் காசநோய்க்குப் பயன்படுத்தும் அதே மெஷினில் எபோலாவுக்கான கேட்ரிட்ஜைப் போட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும்.

இங்கேதான் நாள் கணக்கு குறுக்கே வருகிறது. காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நாளுக்குள் எடுத்த ரத்தத்தில் எபோலா இல்லை என்று வந்தால், அதை யாரும் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பெருக 72 மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே அந்தக் கெடு கடந்ததும் திரும்ப எடுத்துப் பார்த்த பிறகுதான் ஆளை விடுவார்கள். அதுவரை சந்தேக வார்டில் வைத்திருக்க வேண்டும். ஒருவேளை அவருக்கு வெறும் மலேரியா என்றால், பக்கத்துக் கட்டிலிலிருந்து எபோலா தொற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தனித்தனி அறை கட்ட வசதியில்லாத இடத்தில் இது எவ்வளவு பெரிய தலைவலி என்று நினைத்துப் பாருங்கள்.

பிசிஆர் இன்னொரு எண்ணையும் தருகிறது. கோவிட் காலத்தில் சிடி வேல்யூ என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: எத்தனை சுற்றுப் பெருக்கிய பிறகு வைரஸ் கண்ணுக்குத் தெரிந்தது என்ற கணக்கு. எண் குறைந்தால் வைரஸ் அதிகம். எபோலாவில் அந்த எண் 22 அல்லது அதற்குக் கீழே என்றால் நிலைமை மோசம் என்று பொருள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு நோயையும் சொல்ல வேண்டும். 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றியிருந்த ஊர்களில் மக்களுக்குக் காய்ச்சல். புனேயிலிருந்து டெல்ஃபோர்ட் வொர்க் தலைமையில் போன குழு, குரங்குகள் சாவதால் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்று பயந்துதான் போனது. கிடைத்தது உண்ணி வழியாகப் பரவும் ஒரு புது வைரஸ். பிற்பாடு அங்கே வேலை செய்த ஹோர்கே போஷெல், கொலம்பியாவில் மரம் வெட்டுபவர்களைப் பின்தொடர்ந்து காட்டு மஞ்சள் காய்ச்சலின் வழியை விளக்கியவர். காட்டை வெட்டி வயலாக்கி மாடுகளை உள்ளே மேயவிட்டதால்தான் உண்ணிகள் பெருகி நோய் மேலெழுந்தது என்று இங்கே விளக்கினார். 2012, 2013 வாக்கில் பந்திப்பூரில் செத்த குரங்குகளை அப்புறப்படுத்திய தொழிலாளர்களுக்குக் காய்ச்சல் வந்தது. நீலகிரிப் பக்கத்திலும் குரங்குகளிடம் வைரஸ் கிடைத்தது. வயநாட்டில் மனிதர்களுக்கே பரவியது. டிசம்பரிலிருந்து மே வரை அந்தக் காட்டோரங்களில் விறகு பொறுக்கியவர், மாடு மேய்த்தவர், முந்திரித் தோப்பில் வேலை செய்தவர் காய்ச்சலோடு வந்து, பிளேட்லெட் குறைந்து, டெங்கு நெகட்டிவ் என்றும் வந்தால், டாக்டர் இதை நினைத்தே ஆக வேண்டும். முதல் வாரத்தில் பிசிஆர், அப்புறம் ஐஜிஎம். இது ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை என்பது ஒரு நிம்மதி. இறப்பு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை. சிலருக்குக் காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து இரண்டாம் சுற்று வரும். கை நடுக்கம், குழப்பம், பார்வைக் கோளாறு என்று அது மூளையைத் தொடும். முதல் சுற்றை ஏதோ காய்ச்சல் என்று விட்டவர்கள் இரண்டாம் சுற்றில் நரம்பு டாக்டரிடம் போய் நிற்பார்கள். காட்டு உண்ணியை அங்கே யாருக்கும் நினைவு வராது.

சரி, சிகிச்சை. "மருந்தே கிடையாது" என்பது இன்றைக்கு முழு உண்மை இல்லை. மருந்து இல்லாத காலத்திலும்கூட மருத்துவமனையால் நிறையச் செய்ய முடிந்தது. எபோலாவில் நாளைக்கு ஐந்து லிட்டரும் அதற்கு மேலும் வயிற்றுப்போக்காகவே போகலாம். அதோடு பொட்டாசியம் இறங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். நரம்பில் டிரிப் ஏற்றி, ரத்த உப்புகளைத் தினமும் அளந்து, குறைந்ததை ஈடுகட்டி, சிறுநீரகம் நின்றால் டயாலிசிஸ், மூச்சு திணறினால் வென்டிலேட்டர் என்று கொடுக்க முடிந்தால் கணக்கே மாறும். 2014, 2015-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிகிச்சை பெற்ற 27 எபோலா நோயாளிகளில் இறந்தவர்கள் 5 பேர். அதே நேரத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள்.

டிரிப் ஏற்றுவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். 35 டிகிரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, உச்சி முதல் பாதம் வரை மூடிய உடையில், இரண்டு அடுக்குக் கையுறையோடு, பனி படர்ந்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நரம்பு தேடிப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் உள்ளே தாக்குப்பிடிக்க முடியும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் முப்பது, நாற்பது பேரைப் பார்க்க வேண்டும். குழப்பத்தில் ஒருவர் ஊசியைப் பிடுங்கி எறிந்தால் அது உங்கள் மேல் குத்தலாம். அதனால்தான் 2014-ல் பல முகாம்களில் டிரிப்பே வேண்டாம், உப்பு சர்க்கரைக் கரைசல் போதும் என்று விட்டார்கள். அது சரியா தப்பா என்று அன்றே பெரிய சண்டை நடந்தது. என்னைக் கேட்டால், அந்த உடைக்குள் நின்று பார்க்காதவர்கள் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது சுலபம். ஆனால் பதில் இருந்தது: உடையை மாற்ற முடியாவிட்டால் அறையை மாற்று. 2018-ல் கிழக்குக் காங்கோவின் பேனி நகரில் அலீமா என்ற மருத்துவ அமைப்பு 'கியூப்' என்ற அறையைக் கொண்டுவந்தது. ஒரே ஒரு நோயாளிக்கான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சுவர்கள் கொண்ட அறை. சுவரிலேயே நீண்ட கையுறைகள் பொருத்தியிருக்கும்; நர்ஸ் சாதாரண உடையில் வெளியே நின்று கையை நுழைத்து டிரிப் மாற்றலாம், நாடி பார்க்கலாம். வீட்டார் வெளியே நின்று முகம் பார்த்துப் பேசலாம். உள்ளே போனவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் வேலிக்கு வெளியே நின்ற 2014-ன் குடும்பங்களோடு ஒப்பிட்டால், மக்கள் சீக்கிரமே முகாமுக்கு வருவதற்கு அந்தச் சுவர்களும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

2024 செப்டம்பரில் ருவாண்டாவில் மார்பர்க் பரவியது. நோய் வந்த 66 பேரில் பெரும்பாலோர் மருத்துவப் பணியாளர்கள். இறந்தவர்கள் 15 பேர். 2005-ல் அங்கோலாவில் அதே மார்பர்க் 252 பேரில் 227 பேரைக் கொன்றது. ருவாண்டாவில் ரெம்டெசிவிரும் ஒரு ஆன்டிபாடி மருந்தும் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஐசியு இருந்தது, சந்தேகம் சீக்கிரம் வந்தது, நோயாளிகளில் பலர் ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்பவர்கள் என்பதால் ஆரம்ப நாட்களிலேயே சேர்ந்தார்கள். வென்டிலேட்டரில் வைத்த இரண்டு பேர் குழாயை எடுத்த பிறகு பிழைத்து நடந்தார்கள். இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, நாளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆராய்ச்சியின் சிக்கலே அதுதான்.

அந்தச் சிக்கலுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் கிக்விட். 1995-ல் காங்கோவின் கிக்விட் நகரில் எபோலா வந்தபோது நூற்றுக்கு எண்பது பேர் இறந்துகொண்டிருந்தார்கள். ஷான்-ஷாக் முயெம்பேயும் உள்ளூர் டாக்டர்களும், பிழைத்து வந்தவர்களின் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கும் என்று, அதை எடுத்து எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். ஏழு பேர் பிழைத்தார்கள். 1976-ல் யம்புகுவுக்கு முதலில் போன டாக்டர்களில் ஒருவர் இந்த முயெம்பே. வெறுங்கையால் ரத்தம் எடுத்து, குத்திய துளையிலிருந்து வழிந்த ரத்தம் விரல்களில் பட, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தவர். எட்டில் ஏழு என்றால் அற்புதம்தானே? சில வருடம் கழித்து வேறு ஆட்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். ரத்தம் ஏற்றியது பரவல் அடங்கும் சமயத்தில். அதற்குள் கையுறையும் கவனிப்பும் வந்துவிட்டன. எட்டுப் பேரில் சிலர் அதற்கு முன்பே நோயின் கொடிய நாட்களைக் கடந்திருந்தார்கள். எபோலாவில் பத்தாவது நாளைத் தாண்டியவர் எப்படியும் பிழைக்க வாய்ப்பு அதிகம். வயதையும் நோயின் நாளையும் கணக்கில் சேர்த்ததும் அந்த ஏழு, அற்புதமாக நிற்கவில்லை.

அதற்காக யோசனையே தப்பு என்று ஆகிவிடாது. அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளியில் சோள அறுவடைக்குப் போகிறவர்களுக்கு வயல் எலி வழியாக ஜூனின் காய்ச்சல் வரும். அங்கே ஹூலியோ மைஸ்தேகி முறையான ஓர் ஆய்வு செய்தார். சீட்டுக் குலுக்குவது போல ஆட்களைப் பிரித்து, ஒரு சாராருக்குப் பிழைத்தவர்களின் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி), மறு சாராருக்குச் சாதாரண பிளாஸ்மா. எது எது என்று டாக்டருக்கும் தெரியாது. 1979-ல் வந்த முடிவு: சாதாரண பிளாஸ்மா பெற்றவர்களில் 16.5 சதவீதம் பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களின் பிளாஸ்மா பெற்றவர்களில் 1.1 சதவீதம். ஆனால் எட்டாவது நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், அதற்கப்புறம் கொடுத்துப் பயனில்லை. பிழைத்தவர்களில் பத்தில் ஒருவருக்குப் பிற்பாடு நரம்புத் தொல்லை வந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. பிறகு கேண்டிட்-1 என்ற தடுப்பூசி வந்து நோயே குறைந்தது. நோய் குறைந்ததால் பிளாஸ்மா தர ஆள் குறைந்துபோனது தனி வேடிக்கை.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2015-ல் கினியாவில் இதே பிளாஸ்மாவை எபோலாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 84 பேருக்கு. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கொடுத்த பிளாஸ்மாவில் ஆன்டிபாடி எவ்வளவு இருந்தது என்று முன்கூட்டி அளக்க அங்கே வசதியில்லை. ஜூனினுக்குப் பலித்தது எபோலாவுக்குப் பலிக்காததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

லாசாவுக்கு ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுப்பதும் இப்படி நாளில் தொங்கும் கதைதான். 1986-ல் சியரா லியோனிலிருந்து வந்த ஆய்வில், நிலைமை மோசமாக இருந்தவர்களில் முதல் ஆறு நாளுக்குள் ஊசியாகப் பெற்றவர்களில் 5 சதவீதம் பேர் இறந்தார்கள், ஏழாவது நாளுக்கு மேல் பெற்றவர்களில் 26, பெறாதவர்களில் 55. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெறாதவர்கள் அதற்கு முந்தைய காலத்து நோயாளிகள், ஒரே நேரத்தில் பிரித்து ஒப்பிட்டவர்கள் இல்லை. அந்த ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாக மருந்து கொடுக்கிறோமே என்று இப்போது பலர் சங்கடப்படுகிறார்கள். உயிர் காக்கும் என்று பெயரெடுத்த மருந்தை நிறுத்திச் சோதித்துப் பார்க்க யாருக்கும் மனமும் வராது.

எபோலாவில் அந்தச் சோதனையைச் செய்தே தீர்ப்பது என்று நின்றார்கள். 2014-ல் ஸிமேப் என்ற ஆன்டிபாடிக் கலவை, புகையிலைச் செடிக் குடும்பத்தில் வளர்த்தது, பெரிதாகப் பேசப்பட்டது. ஆய்வு தொடங்கியபோது பரவல் அடங்கிவிட்டது. 72 பேர்தான் சேர்ந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 22 சதவீதமும் பெறாதவர்களில் 37 சதவீதமும் இறந்தார்கள். நல்லதுபோலத் தெரிகிறது, நிரூபிக்கப் போதவில்லை. அடுத்த வாய்ப்பு 2018 நவம்பரில் கிழக்குக் காங்கோவில் வந்தது. ஸிமேப், ரெம்டெசிவிர், இன்னும் இரண்டு ஆன்டிபாடி மருந்துகள் என்று நான்கையும் ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். ஆயுதக் குழுக்கள் சுற்றும் பகுதி. 2019 பிப்ரவரியில் கட்வாவிலும் புடெம்போவிலும் சிகிச்சை முகாம்களே தாக்கப்பட்டன. அப்படியும் 681 பேர் சேர்ந்தார்கள். 2019 ஆகஸ்டில் இடைக்காலக் கணக்கைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் முடிவு தெளிவாகிவிட்டது. ஸிமேப் பெற்றவர்களில் ஏறத்தாழ 50 சதவீதமும் ரெம்டெசிவிர் பெற்றவர்களில் 53 சதவீதமும் இறந்தார்கள். மற்ற இரண்டில் 35, 33.5 சதவீதம்.

அந்த 35 சதவீத மருந்தின் கதை கிக்விட்டில் தொடங்குகிறது. 1995-ல் அங்கே பிழைத்த ஒருவரிடமிருந்து, பதினோரு வருடம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எபோலாவை இன்னமும் நினைவில் வைத்திருந்த அணுக்கள் அதில் இருந்தன. அவற்றிலிருந்து பிரித்தெடுத்த ஒரே ஒரு ஆன்டிபாடியைத்தான் மருந்தாக்கினார்கள். எட்டுப் பேர் கணக்கில் தோற்றுப்போன முயெம்பேயின் யோசனை, 25 வருடம் கழித்து, 2020 டிசம்பரில் அமெரிக்காவில் உரிமம் பெற்று எபாங்கா என்ற பெயரில் வந்தது. இன்னொன்றான இன்மஸெப் அதற்கு இரண்டு மாதம் முன்பே உரிமம் பெற்றிருந்தது.

இப்போது அந்த சிடி எண்ணுக்கு வாருங்கள். 22-க்கு மேல், அதாவது வைரஸ் குறைவாக இருந்தபோதே எபாங்கா பெற்றவர்களில் 9.9 சதவீதம் பேர்தான் இறந்தார்கள். வைரஸ் ஏறிய பிறகு பெற்றவர்களில் 69.9 சதவீதம். மருந்து அதேதான், அளவும் அதேதான். நோய் தொடங்கி முகாமுக்கு வர ஒவ்வொரு நாள் தாமதிக்கும்போதும் சாவதற்கான வாய்ப்பு விகிதம் 11 சதவீதம் ஏறியது என்றும் அதே ஆய்வு கணக்கிட்டது. மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தியைப் படிக்கும்போது இந்த வரியையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

ஆய்வகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உயிருள்ள வைரஸை வளர்ப்பது உயிர்ப் பாதுகாப்பு நிலை 4 ஆய்வகங்களில் மட்டும். புனேயில் 2012-ல் அப்படி ஒன்று வந்தது, இந்தியாவில் அதுதான் முதல். காற்று நிரப்பிய முழு உடை, வெளியே வரும்போது உடையோடு ரசாயனக் குளியல். சினிமாவில் காட்டுவது ஏறக்குறைய சரிதான், ஓட்டமும் சண்டையும் தவிர. ஆனால் வேலையில் பெரும்பங்கு அங்கே நடப்பதில்லை. எபோலாவின் மேலுறைப் புரதத்தை மட்டும் ஒரு சாதுவான வைரஸின் மேல் பொருத்திச் சாதாரண ஆய்வகத்திலேயே ஆன்டிபாடிகளைச் சோதிக்கலாம். எர்வெபோ என்ற தடுப்பூசியே அந்த உத்திதான்: கால்நடைகளுக்கு வரும் ஒரு வைரஸுக்கு எபோலாவின் மேலுறை. 2015-ல் கினியாவில் நோயாளியைச் சுற்றியிருந்தவர்களை வளையம் வளையமாகப் பிரித்து, சில வளையங்களுக்கு உடனேயும் மற்றவற்றுக்கு 21 நாள் கழித்தும் போட்டுச் சோதித்தார்கள். உடனே போட்டவர்களில் பத்து நாள் கழிந்த பிறகு ஒருவருக்கும் நோய் வரவில்லை.

பிழைத்தவர்களின் கணக்கும் அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. ரத்தத்தில் வைரஸ் போன பிறகும் கண்ணுக்குள், விந்துவில், மூளையைச் சுற்றிய நீரில் அது ஒளிந்திருக்கும். 2021-ல் கினியாவில் மறுபடி எபோலா வந்தபோது மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். காட்டிலிருந்து புதிதாக வந்ததல்ல, 2014-ன் பரவலில் பிழைத்த ஒருவரின் உடலில் ஐந்து வருடத்துக்கு மேல் தூங்கிய வைரஸ். இது வெளியே தெரிந்ததும் பிழைத்தவர்களை ஊர் மறுபடி ஒதுக்கத் தொடங்கியது.

எபாங்காவும் இன்மஸெப்பும் எர்வெபோவும் எபோலாவின் ஸயர் வகைக்கு மட்டும்தான். சூடான் வகைக்கு இன்னும் உரிமம் பெற்ற எதுவும் இல்லை. 2022 செப்டம்பர் 20 அன்று உகாண்டா சூடான் வகைப் பரவலை அறிவித்தது. சோதனைத் தடுப்பூசி டிசம்பர் 8 அன்று வந்து இறங்கியபோது கடைசி நோயாளி வீட்டுக்குப் போயிருந்தார். போட்டுச் சோதிக்க வளையமே இல்லை. ஆனால் அந்த டோஸ்களையும் நெறிமுறை அனுமதிகளையும் தயாராகவே வைத்திருந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று கம்பாலாவில் மறுபடி பரவல் அறிவிக்கப்பட்டபோது பிப்ரவரி 3 அன்று முதல் ஊசி போட்டாகிவிட்டது. நாலே நாள். ஏப்ரல் 26 அன்று பரவல் முடிந்ததாக அறிவித்தபோது உறுதியான நோயாளிகள் மொத்தம் 12 பேர்தான். ஊருக்கு நல்லது, தடுப்பூசி வேலை செய்கிறதா என்று சொல்லத்தான் அந்த எண்ணிக்கை போதவில்லை.